கட்டளைத் தொகுதியின் வலிமை எங்கே இருக்கிறது? 8085, இசட்-80, 6502, 6809 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர்ப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் இன்டெலின் 8085 மைக்ரோபிராசசர் உள்ள பயிற்சிக் கிட்டில் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட) எண்களைத் தட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். இதே காலத்தில் வந்த மற்ற சிப்புகளோடு வைத்துப் பார்த்தால் 8085 எங்கே நிற்கிறது? ஒரு சிப்பின் கட்டளைத் தொகுதி, அதாவது அதற்குத் தெரிந்த கட்டளைகளின் முழுப் பட்டியல், இன்னொன்றைவிட வலிமையானது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 1974-க்கும் 1979-க்கும் இடையில் வந்த 8-பிட் மைக்ரோபிராசசர்கள்தான் முக்கியமான பேச்சு. கட்டளைகளின் பெயரை லேபில் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

கட்டளைகள் அதிகமாக இருந்தால் வலிமையும் அதிகம்தானே?

இல்லை. மோட்டோரோலா 1974-இல் கொண்டுவந்த 6800-இல் 72 கட்டளைகள். அதற்கு அடுத்து அவர்களே செய்த 6809-இல் 59தான். ஆனால் எந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தாலும் 6809 பல படி மேலே. அந்த 59-ஐ அதன் அட்ரஸிங் மோடுகளோடு (தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறைகள்) சேர்த்துப் பெருக்கினால் 1,464 வகைகள் வரும் என்று மோட்டோரோலா கணக்குச் சொன்னது.

எண்ணுகிற முறையே ஆளுக்கு ஆள் மாறும். 8085-இல் எத்தனை கட்டளை என்று தேர்வில் கேட்டால் 74 என்று எழுதுவோம், 246 ஆப்கோடு (கட்டளையைக் குறிக்கும் எண்) என்றும் எழுதுவோம். இரண்டும் சரி. 'மூவ்' என்பது பெயரளவில் ஒரே கட்டளை, ஆனால் அதற்கு மட்டும் 63 ஆப்கோடுகள். 6502-இல் 56 கட்டளைகள், 151 ஆப்கோடுகள். ஸைலாக் தன் இசட்-80-க்கு 158 என்று விளம்பரம் செய்தது. அதே முறையில் எண்ணினால், 8085-க்கு முந்தைய இன்டெல் சிப்பான 8080-க்கு 78. இப்படி ஆளாளுக்கு ஒரு முறையில் எண்ணிய எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் எதை வைத்து அளப்பது?

புரோகிராம்கள் நாள் முழுக்க உண்மையில் என்ன செய்கின்றன என்பதை வைத்து அளக்க வேண்டும். 6809-ஐ வடிவமைத்த டெர்ரி ரிட்டரும் ஜோயல் போனியும் இதைத்தான் செய்தார்கள். ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த 6800 புரோகிராம்களை எடுத்து, எந்தக் கட்டளை எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். மெமரியிலிருந்து எடுப்பதும் மெமரியில் வைப்பதும் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தன. அடுத்து சப்ரூட்டீனுக்கு (வேண்டும்போது அழைக்கும் துணைப் புரோகிராம்) போவதும் திரும்புவதும், அப்புறம் நிபந்தனைத் தாவல்கள். கூட்டல், கழித்தல் என்று நாம் கணினியின் உயிராக நினைப்பவை மிகச் சிறிய பங்குதான்.

ஆகவே ஒரு கட்டளைத் தொகுதியைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்விகள் இவை. ஓர் எளிய வேலைக்கு எத்தனை பைட் கோடு ஆகிறது? அதை முடிக்க மெமரியை எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது? ஒரு 16-பிட் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வழியே நடப்பது எவ்வளவு எளிது?

முதல் கேள்வி இன்று சின்னதாகத் தெரியலாம். 1975-இல் ஆல்டேர் 8800 கணினி 256 பைட் மெமரியோடு விற்பனைக்கு வந்தது. அதற்கான பேசிக் மொழி 4 கிலோபைட்டில் அடங்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பைட் மிச்சம் பிடித்தால் அது பணம்.

ஒரே வேலையை எல்லாச் சிப்பிலும் செய்து காட்ட முடியுமா?

முடியும். மெமரியில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரு தொகுதியை நகலெடுப்பது நல்ல சோதனை. முதலில் 8085. எச்எல், டிஇ, பிசி மூன்றும் சிப்புக்குள் மதிப்பை வைக்கும் 16-பிட் ரெஜிஸ்டர் ஜோடிகள். எம் என்பது எச்எல் காட்டும் மெமரி இடம். எச்எல் மூலத்தையும் டிஇ இலக்கையும் காட்டுகின்றன, பிசி-யில் எண்ணிக்கை இருக்கிறது. பக்கத்தில் இருப்பது டி-ஸ்டேட் (கிளாக்கின் ஒரு துடிப்பு) கணக்கு:

மூவ் ஏ, எம் … 7
ஸ்டாக்ஸ் டி … 7
ஐஎன்எக்ஸ் எச் … 6
ஐஎன்எக்ஸ் டி … 6
டிசிஎக்ஸ் பி … 6
மூவ் ஏ, பி … 4
ஓஆர்ஏ சி … 4
ஜேஎன்இசட் லூப் … 10

ஒரு பைட் நகர 50 டி-ஸ்டேட். கோடு 10 பைட். இதில் 'மூவ் ஏ, பி', 'ஓஆர்ஏ சி' இரண்டையும் கவனியுங்கள். நகலெடுக்கும் வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 'டிசிஎக்ஸ்' ஜீரோ ஃபிளாகை (விடை பூஜ்யமா என்று காட்டும் பிட்) தொடாது என்பதால், பிசி பூஜ்யமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இந்தச் சுற்றுவழி. 8085-இல் புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'டிசிஎக்ஸ்' போட்டவுடன் 'ஜேஎன்இசட்' போட்டு, லூப் ஏன் தாறுமாறாக ஓடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இசட்-80-இல் இது மொத்தமும் ஒரே கட்டளை: எல்டிஐஆர். கோடு 2 பைட். ஒரு பைட்டுக்கு 21 டி-ஸ்டேட்.

6502-இல், 256 பைட்டுக்கு உட்பட்ட தொகுதி என்றால்:

எல்டிஏ (மூலம்),ஒய் … 5
எஸ்டிஏ (இலக்கு),ஒய் … 6
ஐஎன்ஒய் … 2
பிஎன்இ லூப் … 3

கோடு 7 பைட், ஒரு பைட்டுக்கு 16 சைக்கிள். அதைவிடப் பெரிய தொகுதிக்கு வெளியே இன்னொரு சுற்று வேண்டும்.

6809-இல் ஒரே மூச்சில் இரண்டு பைட்டாக நகர்த்தலாம்:

எல்டிடி ,எக்ஸ்++ … 8
எஸ்டிடி ,யு++ … 8
சிஎம்பிஎக்ஸ் #முடிவு … 4
பிஎன்இ லூப் … 3

இரண்டு பைட்டுக்கு 23 சைக்கிள், அதாவது ஒரு பைட்டுக்கு பதினொன்றரை. கோடு 9 பைட். '++' என்ற குறி பாயின்டரை, அதாவது இடத்தைக் காட்டும் முகவரியை, இரண்டு முன்னே தள்ளிவிடுவதால் அதற்கெனத் தனிக் கட்டளை வேண்டியதில்லை. எக்ஸ் முடிவுக்கு வந்துவிட்டதா என்று நேராக 16 பிட்டையும் ஒப்பிட முடிகிறது, எனவே தனி எண்ணிக்கையும் தேவையில்லை.

மெமரியைத் தொடும் எண்ணிக்கையைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். கோடு படிப்பது, பாயின்டர் படிப்பது, தரவு எல்லாம் சேர்த்து, நகரும் ஒவ்வொரு பைட்டுக்கும் 8085 மெமரியை 12 முறை தொடுகிறது. 6502 13 முறை, 6809 ஆறரை முறை, இசட்-80 4 முறை. கிளாக் வேகத்தை மறந்துவிட்டு கட்டளைத் தொகுதியை மட்டும் எடைபோட இதைவிட நேர்மையான எண் எனக்குத் தெரியவில்லை.

இசட்-80 3.5 மெகாஹெர்ட்ஸ், 6502 1 மெகாஹெர்ட்ஸ். இசட்-80 மூன்றரை மடங்கு வேகம் என்று சொல்லலாமா?

கூடாது. 6502 ஒவ்வொரு கிளாக்கிலும் மெமரியை ஒரு முறை தொட்டுவிடும். இசட்-80, 8085 இரண்டுக்கும் ஓர் ஆப்கோடைப் படிக்கவே 4 டி-ஸ்டேட், மற்ற அணுகல்களுக்கு 3. ஒரே மெமரி சிப்பை இரண்டோடும் இணைத்தால் 1 மெகாஹெர்ட்ஸ் 6502-க்கும் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்-80-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 6502 இதோடு நிற்காமல், ஒரு கட்டளை முடிகிற வேளையிலேயே அடுத்ததைப் படிக்கத் தொடங்கிவிடும்.

மேலே உள்ள நகலை நேரமாக மாற்றினால்: 3 மெகாஹெர்ட்ஸ் 8085-இல் ஒரு பைட்டுக்கு 16.7 மைக்ரோ நொடி, 1 மெகாஹெர்ட்ஸ் 6502-இல் 16, அதே 1 மெகாஹெர்ட்ஸ் 6809-இல் 11.5, 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்-80-இல் 6. மூன்று மடங்கு கிளாக் வைத்திருந்தும் 8085 இங்கே 6502-ஐ முந்தவில்லை.

இசட்-80-இல் 8080-இன் கட்டளைகள் அத்தனையும் இருக்கின்றன, கூடவே நிறைய புதியவையும். இடம் எங்கே கிடைத்தது?

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் ஆப்கோடு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடங்கள். 8080 அவற்றில் 244-ஐப் பயன்படுத்தி, 12-ஐக் காலியாக விட்டது. 8080-ஐ இன்டெலில் உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜினும் மசடோஷி ஷிமாவும் பிறகு ஸைலாக் போய் இசட்-80-ஐச் செய்தார்கள். பழைய 8080 புரோகிராம் எதுவும் ஓடாமல் போகக் கூடாது என்பதால் கையில் இருந்தவை அந்த 12 இடங்கள் மட்டும்.

எட்டு இடங்களில் நேரடிக் கட்டளைகளை வைத்தார்கள். ஐந்து இடங்களுக்கு 'ஜேஆர்' என்ற ரிலேட்டிவ் (இருக்கும் இடத்திலிருந்து இத்தனை தூரம் என்று சொல்லும்) தாவல்கள், ஒன்றுக்கு 'டிஜேஎன்இசட்' என்ற லூப் கட்டளை, இரண்டுக்கு மாற்று ரெஜிஸ்டர்களை இடம் மாற்றும் கட்டளைகள். மீதி நான்கு: சிபி, டிடி, இடி, எஃப்டி. இந்த நான்கையும் முன்னொட்டுகளாக ஆக்கினார்கள். முன்னொட்டு வந்தால் அடுத்த பைட்டின் பொருளே வேறு. பிட்டைப் பிட்டாகக் கையாளும் கட்டளைகள், ஐஎக்ஸ், ஐஒய் ரெஜிஸ்டர்கள், எல்டிஐஆர் குடும்பம் எல்லாம் இந்த நான்கு கதவுகள் வழியாகத்தான் உள்ளே வந்தன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்னொட்டையும் ஒரு பைட்டாகப் படித்தாக வேண்டும். எச்எல் காட்டும் இடத்திலிருந்து ஏ-க்கு எடுக்க 7 டி-ஸ்டேட் போதும். அதையே ஐஎக்ஸ் வழியாக எடுத்தால் 19. ஐஎக்ஸ் இருக்கிறது என்பதற்காக வேகம் தேவைப்படும் லூப்பில் அதைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

அதே 12 இடங்களை இன்டெல் 8085-இல் என்ன செய்தது?

புத்தகங்களில் இருப்பது இரண்டுதான். 20 ஹெக்ஸ் 'ரிம்', 30 ஹெக்ஸ் 'சிம்'. மீதி பத்து இடங்கள் காலி என்று நாம் படித்தோம். ஆனால் அவை காலி இல்லை. பத்திலும் முழுமையான கட்டளைகள் சிப்பிலேயே இருந்தன, இன்டெல் மட்டும் தன் ஆவணங்களில் அவற்றைச் சொல்லவில்லை. பயன்படுத்துபவர்கள்தான் தேடிக் கண்டுபிடித்து வெளியே எழுதினார்கள்.

அவை என்னென்ன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். எச்எல்-இலிருந்து பிசி-யைக் கழிக்கும் 16-பிட் கழித்தல். எச்எல்-ஐக் குறி மாறாமல் வலப்பக்கம் நகர்த்துவது. டிஇ-யை கேரி வழியாக இடப்பக்கம் சுழற்றுவது. ஸ்டேக் (மெமரியில் மதிப்புகளைத் தற்காலிகமாக அடுக்கும் இடம்) பாயின்டரோடு ஒரு சிறிய எண்ணைக் கூட்டி டிஇ-யில் வைப்பது, எச்எல்-லோடு கூட்டி டிஇ-யில் வைப்பது. டிஇ காட்டும் இடத்தில் எச்எல்-ஐ மொத்தமாக வைப்பது, அங்கிருந்து மொத்தமாக எடுப்பது. மிகுதி (ஓவர்ஃப்ளோ) நேர்ந்தால் மட்டும் 0040 ஹெக்ஸ் முகவரிக்குத் தாவுவது. புத்தகத்தில் இல்லாத ஒரு ஃபிளாகைப் பார்த்து நிபந்தனையோடு தாவும் இரண்டு கட்டளைகள். அந்த ஃபிளாக் 'டிசிஎக்ஸ்' எண்ணி முடித்ததைச் சொல்லிவிடும், எனவே 'மூவ் ஏ, பி', 'ஓஆர்ஏ சி' என்ற சுற்றுவழியே வேண்டியதில்லை.

8085-இன் பலவீனம் என்று மேலே நான் காட்டியவற்றில் பாதிக்கு மருந்து சிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. வரவிருந்த 8086-இல் இவற்றையும் சுமக்க வேண்டாம் என்று இன்டெல் மறைத்துவிட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எப்படியிருந்தாலும், ஆவணத்தில் இல்லாத கட்டளையை நம்பி யாரும் பொருள் தயாரிக்க மாட்டார்கள். ஒரு கட்டளைத் தொகுதியின் வலிமையில் அதன் கையேட்டுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த இடங்களை இரு நிறுவனங்களும் வெவ்வேறு விதமாக நிரப்பியதால் இன்னொரு விளைவு. 8085-இல் 'ரிம்' என்பது இசட்-80-இல் பூஜ்யம் அல்லாதபோது தாவும் 'ஜேஆர்'. அதனால் 'ரிம்', 'சிம்' உள்ள 8085 புரோகிராம் இசட்-80-இல் அப்படியே ஓடாது.

எல்டிஐஆர் போன்ற பெரிய கட்டளைகள்தானே இசட்-80-இன் பலம்?

ஒரு பகுதிதான். எல்டிஐஆர் உள்ளே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பைட்டை நகர்த்துகிறது, எண்ணிக்கையைக் குறைக்கிறது, இன்னும் மிச்சம் இருந்தால் புரோகிராம் கவுண்டரை (அடுத்த கட்டளையின் முகவரி) இரண்டு பின்னுக்கு இழுக்கிறது. அதாவது தன்னையே மறுபடி மெமரியிலிருந்து படித்துக்கொள்கிறது. இதனால் நடுவில் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தும் அவசர அழைப்பு) வந்தால் சிக்கல் இல்லாமல் போய்த் திரும்ப முடிகிறது. ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு ஆப்கோடு படிக்கும் நேரமும், பின்னுக்கு இழுக்கும் 5 டி-ஸ்டேட்டும் செலவு. அதனால்தான் 'எல்டிஐ' என்ற ஒற்றைக் கட்டளையை வரிசையாகப் பல முறை எழுதினால் பைட்டுக்கு 16-இல் முடிந்துவிடும். வேகம் முக்கியமான விளையாட்டுகளில் திரையை நகர்த்த இப்படித்தான் எழுதினார்கள்.

இலக்கை மூலத்துக்கு அடுத்த பைட்டாக வைத்து எல்டிஐஆர் போட்டால், முதல் பைட் அப்படியே தொகுதி முழுக்கப் பரவும். மெமரியைத் துடைக்க எல்லாரும் பயன்படுத்திய வழி அது.

என் கணிப்பில் இசட்-80-க்கு அன்றாட வலிமை தந்தவை வேறு. எச்எல்-இலிருந்து கேரியோடு 16-பிட் கழித்தல், பிசி, டிஇ ஜோடிகளை நேரே மெமரியில் வைத்து எடுப்பது, எந்த பிட்டையும் தனியாகத் தொடும் வசதி, இன்டரப்ட் வந்தவுடன் ரெஜிஸ்டர்களைத் தலா 4 டி-ஸ்டேட்டில் மாற்றித் தரும் இரண்டு கட்டளைகள். இவை விளம்பரத்தில் பெரிதாக வராது, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் பயன்படும்.

ரெஜிஸ்டர்கள் எத்தனை என்பது முக்கியமில்லையா?

முக்கியம்தான், ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஆர்சிஏ 1802-இல் 16 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 16 பிட். எதை வேண்டுமானாலும் புரோகிராம் கவுண்டராக வைத்துக்கொள்ளலாம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சப்ரூட்டீனை அழைக்க ஒரு கட்டளை கிடையாது, அதற்கே ஒரு சிறு புரோகிராம் எழுதி வைக்க வேண்டும். ஒரு கட்டளைக்குக் குறைந்தது 16 கிளாக். அது கலிலியோ விண்கலத்தில் பறந்த சிப் என்ற பெருமை உண்டு, ஆனால் கட்டளைத் தொகுதியில் வலிமையானது என்று சொல்ல முடியாது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 9900 16-பிட் சிப், இந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தாலும் ஒப்பிடத் தக்கது. அதன் 16 ரெஜிஸ்டர்களும் மெமரியிலேயே இருந்தன. ஒரு பாயின்டரை மாற்றினால் 16-ம் மாறிவிடும். வேலையிலிருந்து வேலைக்குத் தாவுவது மிக எளிது, ஆனால் ஒவ்வொரு கூட்டலும் மெமரிக்குப் போய் வர வேண்டும்.

6502 இதற்கு நேர்மாறு. ஏ, எக்ஸ், ஒய் என்று மூன்றே 8-பிட் ரெஜிஸ்டர்கள். ஆனால் மெமரியின் முதல் 256 பைட்டை, அதாவது ஜீரோ பேஜை, ஒரு பைட் முகவரியால் 3 சைக்கிளில் தொடலாம். அதில் எந்த இரண்டு பைட்டையும் பாயின்டராக வைத்து, அதனோடு ஒய்-ஐக் கூட்டி மெமரியில் எங்கும் போகலாம். கணக்குப் பார்த்தால் 128 பாயின்டர்களுக்கு இடம். சுமார் 3,500 டிரான்சிஸ்டரில் செய்த சிப்புக்கு இது அபாரமான யோசனை.

அப்படியானால் 6502-இன் பலவீனம் எது?

16-பிட் கணக்கு. ஒரு பாயின்டரை ஒன்று கூட்ட 8085-க்கு 'ஐஎன்எக்ஸ் எச்' போதும், ஒரு பைட், 6 டி-ஸ்டேட். 6502-இல் கீழ் பைட்டைக் கூட்டி, அது பூஜ்யமாகிவிட்டதா பார்த்து, ஆகியிருந்தால் மேல் பைட்டையும் கூட்ட வேண்டும். மேல் பைட்டைத் தொடாத சாதாரண வேளையிலேயே 8 சைக்கிள், கோடு 6 பைட். இரண்டு 16-பிட் எண்களைக் கூட்டி வைக்க ஜீரோ பேஜிலேயே 13 பைட், 20 சைக்கிள். 6809-இல் டி ரெஜிஸ்டரோடு மெமரியில் உள்ள 16 பிட்டைக் கூட்ட 2 பைட், 6 சைக்கிள்.

ஆப்பிள் II-ஐ உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் இந்தக் குறையைத் தன் வழியில் தீர்த்தார். 'ஸ்வீட்16' என்ற பெயரில் ஒரு கற்பனை 16-பிட் பிராசசரை எழுதினார். அதன் 16 ரெஜிஸ்டர்கள் ஜீரோ பேஜில் இருக்கும். அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடத்தும் 6502 கோடு சுமார் 300 பைட்தான். ஏறக்குறைய பத்து மடங்கு மெதுவாக ஓடும், ஆனால் கோடு நன்றாகச் சுருங்கும். அவசரமில்லாத இடங்களுக்கு அதுவே போதும் என்று ஆப்பிள் II-இன் ரோமிலேயே அதை வைத்தார்.

'ஆர்த்தோகனல்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வருகிறது. அது என்ன?

எந்தக் கட்டளையும் எந்த ரெஜிஸ்டரோடும் எந்த அட்ரஸிங் மோடோடும் சேரும் என்றால் அது ஆர்த்தோகனல். விதிவிலக்கு இல்லாத தொகுதி. 8085 இதில் பலவீனம். மெமரியிலிருந்து எடுக்கும் 'லடாக்ஸ்' பி, டி ஜோடிகளுக்கு மட்டும், அதுவும் ஏ-க்கு மட்டும். 16-பிட் கூட்டலின் விடை எச்எல்-இல் மட்டும் விழும். 16-பிட் கழித்தல் புத்தகத்தில் இல்லவே இல்லை. இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு எழுதும்போது, எந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போட வேண்டியிருக்கிறது. 'எக்ஸ்சிஎச்ஜி' போட்டு எச்எல்-ஐயும் டிஇ-யையும் மாற்றி மாற்றி வைப்பதிலேயே பாதி புரோகிராம் போய்விடும்.

8085-க்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் ஒன்று சொல்லலாம்: நிபந்தனையோடு அழைப்பதும் நிபந்தனையோடு திரும்புவதும் அதில் எட்டு விதமாக உண்டு. 6502-இலும் 6809-இலும் அது இல்லை.

சி போன்ற மொழிக்கு எது ஏற்றது?

6809. இங்கே போட்டியே இல்லை. சி மொழியில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் மாறிகளை ஸ்டேக்கில் வைக்கும். அப்படியானால் ஸ்டேக் பாயின்டரிலிருந்து இத்தனை பைட் தள்ளி என்று நேராகத் தொட முடிய வேண்டும். 6809-இல் எஸ், யு என்று இரண்டு ஸ்டேக் பாயின்டர்கள், இரண்டையும் எக்ஸ், ஒய் போலவே இண்டெக்ஸாகப் பயன்படுத்தலாம். ஒரே கட்டளையில் வேண்டிய ரெஜிஸ்டர்களை எல்லாம் ஸ்டேக்கில் தள்ளலாம். திரும்ப எடுக்கும்போது பட்டியலில் புரோகிராம் கவுண்டரையும் சேர்த்துவிட்டால், ரெஜிஸ்டர்களை மீட்பதும் ஃபங்ஷனிலிருந்து திரும்புவதும் அதே கட்டளையில் முடிந்துவிடும்.

6502-இன் ஸ்டேக் 256 பைட்தான், இடமும் மாறாது. ஆகவே சி கம்பைலர்கள் ஜீரோ பேஜில் ஒரு பாயின்டரை வைத்துத் தனியாக ஒரு ஸ்டேக்கை உருவாக்கிக்கொள்ள வேண்டும். 8085-இல் ஸ்டேக்கில் உள்ள ஒரு மாறியைத் தொட, எச்எல்-இல் தூரத்தைப் போட்டு, ஸ்டேக் பாயின்டரைக் கூட்டி, பிறகு 'எம்' வழியாக எடுக்க வேண்டும். இதற்கான குறுக்குவழி அந்த மறைந்த பத்தில் இருந்தது.

6809-இல் இன்னொரு அருமை, மெமரியில் எங்கே ஏற்றினாலும் மாற்றமின்றி ஓடும் கோடு எழுத முடியும். நீண்ட ரிலேட்டிவ் தாவல்கள், ரிலேட்டிவ் அழைப்பு, புரோகிராம் கவுண்டரிலிருந்து இத்தனை தூரம் என்று தரவைத் தொடும் முறை, மூன்றும் உண்டு. மைக்ரோவேர் நிறுவனத்தின் ஓஎஸ்-9 இதன் மேல்தான் கட்டப்பட்டது. 8-பிட் சிப்பில் ஒரே நேரத்தில் பல வேலை, பல பயனர் என்று ஓடிய இயங்குதளம் அது.

பெருக்கல் கட்டளை?

6809-இல் உண்டு. ஏ-யையும் பி-யையும் பெருக்கி 16-பிட் விடையை டி-யில் தரும், 11 சைக்கிள். 8085, இசட்-80, 6502 மூன்றிலும் இல்லை, நகர்த்திக் கூட்டும் லூப்தான். வரிசைகளில் இடம் கணக்கிட இது உதவும்.

6809 இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லா இடத்திலும் அது இல்லை?

விலை, காலம். 1975 செப்டம்பரில் வெஸ்கான் கண்காட்சியில் சக் பெடிலின் குழு 6502-ஐ 25 டாலருக்கு விற்றது. 8080-உம் 6800-உம் அப்போது நூற்றுக்கணக்கான டாலருக்கு விலை போனவை. மோட்டோரோலா 6800-ஐ 69 டாலருக்கு இறக்க வேண்டியதாயிற்று. 6809 வெளியே வரும்போது ஆப்பிள் II, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 எல்லாம் ஏற்கெனவே கடைகளில் இருந்தன, அவற்றுக்கான மென்பொருளும் இருந்தது. இன்னொரு பக்கம் 1978-இல் 8086, 1979-இல் 68000. வேகமான சிப் வேண்டும் என்றவர்கள் நேரே 16 பிட்டுக்குப் போய்விட்டார்கள். டேண்டி கலர் கம்ப்யூட்டர், டிராகன் 32 போன்ற சிலவற்றில்தான் 6809 வீடுகளுக்குப் போனது.

வலிமையில் என் வரிசை 6809, இசட்-80, 6502, 8085. ஒரு டாலருக்குக் கிடைக்கும் வலிமை என்று கேட்டால் 6502-ஐ எடுத்து முதலில் வைப்பேன்.

சின்ன கட்டளைத் தொகுதியே பின்னால் வென்றது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் பிபிசி மைக்ரோவை 2 மெகாஹெர்ட்ஸ் 6502-இல் செய்தது. அடுத்த கணினிக்குச் சிப் தேடியபோது சந்தையில் இருந்த 16-பிட் சிப்புகள் மெமரியின் வேகத்தை முழுதாகப் பயன்படுத்தவில்லை, இன்டரப்டுக்கும் மெதுவாகப் பதில் சொன்னன. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். அதுதான் 1985-இல் வந்த முதல் ஆர்ம் சிப். ஒவ்வொரு சைக்கிளிலும் மெமரியைப் பயன்படுத்து என்ற 6502-இன் குணம் அதில் தெரியும். ஆனால் 6502-இன் பஞ்சம் அதில் இல்லை. ரெஜிஸ்டர்கள் தாராளம், எல்லாம் 32 பிட், விதிவிலக்குகள் குறைவு.

இதையெல்லாம் இன்று எங்கே போட்டுப் பார்க்கலாம்?

6502-க்கு 'விஷுவல் 6502' என்ற பக்கம் உண்டு. சிப்பைப் படம் எடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக உலாவியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். சிஎம்ஓஎஸ் வடிவமான 65சி02-ஐ வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் விற்கிறது. பழைய இசட்-80-இன் தயாரிப்பை 2024-இல் நிறுத்துவதாக ஸைலாக் அறிவித்துவிட்டது. இசட்88டிகே என்ற இலவச சி கம்பைலர் இசட்-80-க்கும் 8085-க்கும் கோடு தரும், 8085-இன் மறைந்த கட்டளைகளையும் பயன்படுத்திக்கொள்ளும்.

கல்லூரி லேபில் 8085 கிட் இருந்தால், அந்தப் பத்தில் ஒன்றை நீங்களே சோதிக்கலாம். 5000-இலிருந்து 2000-ஐக் கழிக்கும் சிறு புரோகிராம் இது, எல்லாம் ஹெக்ஸ். 4100-இலிருந்து வரிசையாக அடியுங்கள்:

21 00 50
01 00 20
08
22 00 42
76

முதல் வரி எச்எல்-இல் 5000, இரண்டாவது பிசி-யில் 2000. மூன்றாவது வரியில் தனியாக இருக்கும் 08-தான் புத்தகத்தில் இல்லாத கழித்தல். நான்காவது வரி விடையை 4200-இல் வைக்கும். உங்கள் கிட்டில் ரேம் வேறு முகவரியில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டிவிட்டு 4200-ஐயும் 4201-ஐயும் பாருங்கள். 00, 30 என்று இருந்தால் கழித்தல் நடந்திருக்கிறது.